இறங்கிய எடை ஏன் திரும்ப ஏறுகிறது?

டயட் இருந்தால் எடை குறையும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாவுச்சத்தைக் குறைப்பது, கொழுப்பைக் குறைப்பது, மாலைக்குப் பின் எதையும் தொடாமல் இருப்பது, நாள்விட்டு நாள் பட்டினி கிடப்பது என்று எந்த வழியை எடுத்துக்கொண்டாலும், உண்ணும் அளவு குறைந்தால் முதல் சில மாதங்களில் எடை இறங்கத்தான் செய்கிறது. நானும் ஒருமுறைக்கு மேலாக அப்படி இறக்கியிருக்கிறேன். கேள்வி அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது. இரண்டாம் ஆண்டில் என்ன நடக்கிறது, ஐந்தாம் ஆண்டில் என்ன நடக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வதில்லை. 'முன்', 'பின்' என்று அருகருகே அச்சிடப்படும் இரண்டு புகைப்படங்களுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு படம் வருவதே இல்லை.

அந்த மூன்றாவது படத்தை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த 29 நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2001-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஐந்தாண்டு முடிவில், குறைத்த எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதே நிலைத்திருந்தது. டிரேசி மான் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2007-ல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். டயட் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலானவர்கள், குறைத்ததைவிட அதிகமாகவே திரும்ப ஏற்றிக்கொண்டார்கள் என்று அவர்கள் கண்டார்கள். எடை மீண்டும் ஏறியவர்கள் கூச்சப்பட்டு ஆய்வின் தொடர் பரிசோதனைகளுக்கு வராமல் நின்றுவிடுவது வழக்கம் என்பதால், உண்மை நிலை இதைவிட மோசமாகவும் இருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு.

'டயட் இருப்பவர்களில் 95 விழுக்காட்டினர் தோற்கிறார்கள்' என்று ஒரு வாசகம் உலவுகிறது. அதை நான் பயன்படுத்துவதில்லை. நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 100 நோயாளிகளைப் பற்றி 1959-ல் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பிய எண் அது. கையில் ஓர் உணவு அட்டவணையைக் கொடுத்து அனுப்பியதைத் தவிர அந்த நோயாளிகளுக்குப் பெரிய உதவி எதுவும் செய்யப்படவில்லை. அதைக் கொண்டு எல்லாருக்கும் விதி எழுதுவது நியாயமாகாது. எடையைக் குறைத்து நிலைநிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். 1994-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருக்கும் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்து, அடிக்கடி எடை பார்த்து, உண்பதை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தே அந்த நிலையைக் காத்து வருகிறார்கள். வேலை, குழந்தைகள், மூட்டுவலி, இரவுப்பணி என்று பல பாரங்களைச் சுமக்கிற ஒருவரிடம், இது எல்லாருக்கும் முடியும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எடை திரும்பியவுடன் கிடைக்கும் முதல் விளக்கம் 'மனக்கட்டுப்பாடு போதவில்லை' என்பது. சொல்பவரும் நம்புகிறார், கேட்பவரும் நம்புகிறார். கடன் தவணையை ஒருநாளும் தவறவிடாதவர், விடியுமுன் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுபவர், ஆண்டுக்கணக்கில் ஒரு தேர்வுக்காகப் படித்து வென்றவர் ஆகியோருக்கெல்லாம் உணவின் முன்னால் மட்டும் திடீரென்று மன உறுதி எங்கே காணாமல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

மன உறுதிக்குப் பஞ்சமில்லாதவர்களைப் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1944-45-ல் நடந்த ஒரு சோதனை சாட்சியாக இருக்கிறது. போரினால் பட்டினியில் வாடிய மக்களை மீண்டும் எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதற்காக, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்திருந்த 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். கொள்கைக்காக ஊராரின் ஏச்சைத் தாங்கியவர்கள் அவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவே உணவு தரப்பட்டது. இன்று கைப்பேசிச் செயலிகள் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கும் 1,200 கலோரியைவிட இது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்களுடைய எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடல் எப்போதும் குளிர்ந்து கிடந்தது, நாடித்துடிப்பு மெதுவானது, காம விருப்பம் மங்கியது. சமையலில் அதுவரை எந்த ஆர்வமும் காட்டாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து இரவில் படிக்கத் தொடங்கினார்கள். தட்டில் இருந்ததைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கி, நீரைக் கலந்து, மணிக்கணக்கில் நீட்டித்து உண்டார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள், சிலர் யாரிடமும் பேசாமல் ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பிறகோ, வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சிலர் திரும்பத் திரும்ப உண்டார்கள். பழைய எடைக்குத் திரும்பியபோது உடலில் கொழுப்பின் அளவு முன்பிருந்ததைவிட அதிகமாக இருந்தது. அவர்கள் தொடக்கத்திலேயே ஒல்லியானவர்கள் என்பதால் பருத்த உடல் கொண்டவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் டயட்டின் ஐந்தாவது மாதத்தில் நள்ளிரவில் சமையல் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு (அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு) அந்தச் சமையல் புத்தகங்களைப் பற்றிப் படிக்கும்போது ஓர் ஆறுதல் கிடைக்கும். பசித்த மூளை செய்கிற வேலை அது. குணக்கேடு எதுவும் அதில் இல்லை.

இதன் உள்ளே ஓடும் இயக்கத்தை அடுத்த அரைநூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாக விளக்கியது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு கண்டறிந்தது. உடலின் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கும் தூது அது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது, மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலினை 1999-ல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டார்கள். 2011-ல் ஆஸ்திரேலியாவில், பருத்த உடல் கொண்ட 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, எடை குறைந்து ஓராண்டுக்குப் பின்னரும் இந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதைக் காட்டியது. 'கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது எவ்வளவு வெறுமையானது என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பசி கூடுவது ஒருபுறம் இருக்க, உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அப்படித் திரும்பிய பிறகும், ஓய்வில் இருக்கும்போது அவர்களுடைய உடல், அதே பருமனுள்ள பிறருடைய உடலில் எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது. எல்லா ஆய்வுகளிலும் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக வருவதில்லை. மிகக் கடுமையான பயிற்சிக்கும் பட்டினிக்கும் ஆட்பட்டவர்கள் இவர்கள். இருப்பினும் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு குறைகிறது என்பதும், பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்பதும் ஹாலின் குழுவினர் 2016-ல் செய்த வேறொரு கணக்கீட்டில் வெளிவந்தன. அந்தக் கணக்கீடு சுவையானது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தைச் சாப்பிட்டவர்கள், தங்கள் உடலிலிருந்து கலோரி போய்க்கொண்டிருப்பதை உணராமலேயே, எடை குறையக் குறைய அதிகம் உண்ணத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் டயட் இருக்கவில்லை, எதையும் மறுத்துக்கொள்ளவும் இல்லை. அப்படியிருந்தும் உடல் கணக்கைச் சரிசெய்யப் பார்த்தது. ஐந்து கிலோ குறைந்த ஒருவர் நாள்தோறும் 500 கலோரி அளவுக்குக் கூடுதலான பசியோடு மல்லுக்கு நிற்கிறார் என்று இதற்குப் பொருள்.

இந்த நிலையில், 7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறையும் என்ற பழைய கணக்கை இன்னமும் உணவு ஆலோசகர்கள் சிலர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி நாளுக்கு 500 கலோரி குறைப்பவர் ஓராண்டில் ஏறத்தாழ 24 கிலோவும், இரண்டாம் ஆண்டில் இன்னொரு 24 கிலோவும் இழக்க வேண்டும். இப்படியே போனால் சில ஆண்டுகளில் ஆளே மிஞ்சமாட்டார். முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, தன் எடையைப்போல மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து போகின்றன, ஒருநாள் விருந்துண்டால் இரண்டும் சேர்ந்து வருகின்றன. அந்த முதல் வார மகிழ்ச்சியும் விருந்துக்கு மறுநாள் வரும் குற்ற உணர்வும் தண்ணீரின் மேல் எழுதப்பட்டவை.

எடை திரும்புவதுகூட இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எடையோடு சேர்ந்து கைவிடப்படும் நல்ல பழக்கங்கள்தான் வருத்தம் தருகின்றன. எடை குறைப்பதற்காக ஒருவர் நடக்கத் தொடங்குகிறார், காய்கறியைக் கூட்டுகிறார், நேரத்துக்குத் தூங்குகிறார். மூன்றாம் மாதத்தில் எடைக்கருவியின் முள் அசைய மறுக்கிறது. 'இவ்வளவு நடந்தும் ஒன்றும் ஆகவில்லை' என்று அவர் நடப்பதை நிறுத்துகிறார். அந்த மூன்று மாதத்தில் அவருடைய ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், இரவுத்தூக்கம் ஆழ்ந்திருக்கலாம், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றிருக்கலாம். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது ஒரே ஓர் எண் என்பதால் அவையெல்லாம் தோல்வியின் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

எடை மாறாமலேயே உடல்நலம் மேம்படும் என்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைப்பவர்கள், 1997-ல் வெளியான டாஷ் ஆய்வைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்த 459 பேருக்குச் சமைத்த உணவையே கொடுத்து நடத்திய சோதனை அது. பழமும் காய்கறியும் கொழுப்பு குறைந்த பால் பொருள்களும் நிறைந்த உணவை உண்டவர்களில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 11 புள்ளிக்கு மேல் குறைந்தது. யாருடைய எடையும் மாறிவிடாதபடி ஆய்வாளர்கள் வேண்டுமென்றே உணவின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையோ சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. ஸ்டீவன் பிளேர் போன்ற உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகளும், இதயமும் நுரையீரலும் உழைப்புக்குப் பழகிய பருத்த மனிதர், பழகாத ஒல்லி மனிதரைவிடச் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு குறைந்தவர் என்றே காட்டுகின்றன.

எடையை ஆரோக்கியத்தின் மாற்றுப் பெயராக ஆக்கிய பி.எம்.ஐ. கணக்குக்கு ஒரு தனி வரலாறு உண்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை 1830-களில் உருவாக்கிய அடால்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் அறிந்த பெல்ஜியக்காரர். மக்கள் தொகையில் 'சராசரி மனிதன்' யார் என்று அளக்கவே அவர் முயன்றார். 1972-ல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பியவர், மினசோட்டாவில் பட்டினிச் சோதனை நடத்திய அதே ஆன்சல் கீஸ்; அவரும் ஆய்வுகளில் கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட உதவும் கருவியாகத்தான் அதைப் பார்த்தார். 1998-ல் அமெரிக்காவில் 'அதிக எடை' என்பதன் வரம்பு 25-ஆகக் குறைக்கப்பட்டபோது, ஒரு கிராம்கூட ஏறாமல் கோடிக்கணக்கானோர் அந்த வகைக்குள் வந்து சேர்ந்தார்கள். 2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம், தனி மனிதரின் நலத்தை அளக்க பி.எம்.ஐ. மட்டும் போதாது என்று தன் கொள்கையாகவே அறிவித்தது.

எடையை மட்டும் பார்க்கும் மருத்துவத்தில் இன்னொரு தீங்கும் உண்டு. அதை நான் அருகிலிருந்து அறிந்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் என் மேற்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்கள். காற்று ஏற ஏற அதன் ஒட்டுப்பகுதி சர்ரென்று பிரிந்து கழன்றது. மறுபடி சுற்றி, பிரியாமல் விரலால் அழுத்திப் பிடித்தபடியே அளந்து, வந்த எண்ணை எழுதிக்கொண்டு, 'எடையைக் குறைங்க, பிரஷர் தானா இறங்கும்' என்று செவிலியர் சொன்னார். பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, எங்கோ இருக்கும், தேட வேண்டும் என்று பதில் வந்தது. சிறிய பட்டை பெரிய கையில் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பது மருத்துவப் பாடநூலில் உள்ள செய்தி. 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, மிகப்பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான பட்டையைப் பயன்படுத்தினால் மேல் அழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 20 புள்ளி கூடுதலாகத் தெரிகிறது. நோயே இல்லாதவரை நோயாளி ஆக்குவதற்கு அந்த 20 புள்ளி போதும்.

இப்படி ஒருமுறை நடந்தால், அடுத்த முறை மருத்துவமனைப் பக்கம் போகவே கால் எழுவதில்லை. தொண்டை வலிக்குப் போனாலும் எடையைப் பற்றிய அறிவுரை, முழங்கால் அடிபட்டுப் போனாலும் அதே அறிவுரை என்றால், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோதுகூட நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போடத் தோன்றும். எடைக்காக இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்தவர்களிடம் பின்னாளில் எடை மேலும் கூடுவதற்கான வாய்ப்பே அதிகமாக இருந்தது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. வெட்கப்படுத்தினால் திருந்துவார்கள் என்று நம்புகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா அளவு உடலிலும் நலமாக வாழலாம் என்ற இயக்கத்தில் சிலர், எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் பேசுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நோய்த்தணிவு நிலையை எட்டினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 விழுக்காடாக இறங்கியது. எடை குறைந்தால் முழங்கால் வலியும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் பலருக்குக் குறைகின்றன. அதே சமயம், நீரிழிவு உள்ள 5,145 பேரிடம் நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரமான எடைக்குறைப்புத் திட்டத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் எதிர்பார்த்தபடி குறையாததால், 2012-ல் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டிவந்தது. அதில் இருந்தவர்களுக்கு மருந்துத் தேவை குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வு இது.

இப்போது வந்திருக்கும் செமாகுளூடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசி மருந்துகள் இந்த விவாதத்தை மாற்றிவிட்டன என்கிறார்கள். ஒருவகையில் அவை நான் மேலே சொன்னதை உறுதிப்படுத்துகின்றன. பசியின் ஹார்மோன் மொழியிலேயே மூளையோடு பேசுவதால்தான் அவை வேலை செய்கின்றன. 2021-ல் வெளியான செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது, ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஏற்கெனவே இதய நோய் உள்ள பருத்த உடலினருக்கு மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்புகளை அந்த மருந்து 20 விழுக்காடு குறைத்தது என்று 2023-ல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. தேவைப்படுபவர் மருத்துவரோடு பேசி எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை; எடுத்துக்கொள்ளாதவரைச் சோம்பேறி என்பதிலும் எடுத்துக்கொள்பவரைக் குறுக்குவழிக்காரர் என்பதிலும்தான் மறுப்பு.

அப்படியானால் எடையை மையத்தில் வைக்காத மருத்துவம் நடைமுறையில் எப்படி இருக்கும்? பெரிய மாயம் எதுவும் அதில் இல்லை. எந்த உடலுக்கும் பொருந்தும் பட்டையும், கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலியும் அறையில் இருக்கும். முழங்கால் வலியோடு வரும் ஒல்லியானவருக்கு என்னென்ன பரிசோதனையும் இயன்முறைப் பயிற்சியும் தரப்படுமோ, அவை பருத்தவருக்கும் தரப்படும். எவ்வளவு குறைத்தீர்கள் என்ற கேள்வியின் இடத்தில், எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்ன, பசிக்கும்போது உண்கிறீர்களா அல்லது நாளெல்லாம் அடக்கி இரவில் கட்டுமீறுகிறீர்களா என்ற கேள்விகள் வரும். 2005-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்கணக்கில் டயட் இருந்து களைத்த 78 பெண்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. டயட் குழுவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பாதியிலேயே விலகினார்கள். பசியையும் நிறைவையும் கவனித்து உண்ணவும் விருப்பமான முறையில் உடலை அசைக்கவும் பழகிய குழுவிலோ 8 விழுக்காட்டினர் மட்டுமே விலகினார்கள். இரண்டாம் குழுவில் யாருக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ரத்தக் கொழுப்பிலும் ரத்த அழுத்தத்திலும் மனச்சோர்விலும் தென்பட்ட முன்னேற்றம் இரண்டாம் ஆண்டிலும் நீடித்தது. சிறிய ஆய்வு என்பதால் இதை மட்டும் நம்பி எதையும் முடிவு கட்ட முடியாது. டயட்டைப் பற்றிய பெரிய ஆய்வுகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் இது கனம் பெறுகிறது.

எடைக்கருவியைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடலில் நீர் கோத்திருப்பதன் அறிகுறி. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முயலாமலேயே எடை இறங்கிக்கொண்டே போனால், அதைப் பாராட்டுக்குரிய செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், தைராய்டு முதல் புற்றுநோய் வரை சோதித்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்தின் அளவையும் சில மருந்துகளின் அளவையும் எடையைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். அந்த நேரங்களில் நான் தயங்காமல் ஏறி நிற்கிறேன். மற்றபடி, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். காரணம் சொன்னால் ஏறுகிறேன், வழக்கம் என்று மட்டும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய பட்டையைத் தேடி எடுத்து வரும்வரை காத்திருக்கிறேன்.